திறந்திருக்கும் வாசலெல்லாம் கர்த்தர் திறந்ததா?

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பி.எட். முடித்த நாளிலிருந்து மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறாய். ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் வாங்கிய வாக்குத்தத்த அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாய். இப்போது ஒருவர் வந்து, கேட்கும் தொகையைக் கொடுத்தால் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் இடம் உறுதி என்கிறாராம். "இத்தனை நாள் ஜெபத்துக்குக் கர்த்தர் திறந்த வாசல் இதுதானே அக்கா?" என்று எழுதியிருக்கிறாய்.

ஏறக்குறைய இதையேதான் தாவீதின் ஆட்களும் சொன்னார்கள். 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். சவுல் ராஜா 3,000 பேரைத் திரட்டிக்கொண்டு, சவக்கடலின் மேற்குக் கரையிலுள்ள எங்கேதி வனாந்தரத்துக்குத் தாவீதைத் தேடி வருகிறான். வழியில் ஆட்டுத் தொழுவங்களை ஒட்டி ஒரு குகை. இயற்கைக் கடனுக்காக அதற்குள் போகிறான். அதே குகையின் உட்பக்கத்தில் தாவீதும் அவன் ஆட்களும் பதுங்கியிருக்கிறார்கள். வெயிலிலிருந்து வந்தவன் கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரிந்திருக்காது. அவர்களுக்கு அவன் நன்றாகவே தெரிந்திருப்பான்.

கர்த்தர் உன் பகைவனைக் கையில் தருவதாகச் சொன்ன நாள் இதுதான் என்று ஆட்கள் தாவீதின் காதில் ஓதினார்கள். பேச்சில் கர்த்தரின் பெயர் இருந்தது. நிலைமையும் அதற்கு ஒத்துப்போனது. தாவீது மெல்லப் போய்ச் சவுலின் அங்கியில் ஓர் ஓரத்தை அறுத்தான். அந்தத் துண்டுத் துணிக்கே அவன் உள்ளம் பதைத்தது. நீ ராஜாவாவாய் என்று கர்த்தர் சொல்லியிருந்தார். அதற்காகச் சவுலைக் கொல் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் தாவீதுக்குப் புரிந்திருந்தது. தன் ஆட்களையும் தடுத்து நிறுத்தினான்.

கொஞ்ச நாளில் அதே சோதனை இன்னொரு முறை வந்தது. இரவில் சவுல் பாளயத்தின் நடுவே தூங்குகிறான், அவன் ஈட்டி தலைமாட்டில் குத்தி நிற்கிறது. தாவீதோடு பாளயத்துக்குள் வந்த அபிசாய் ஒரே குத்துக்கு உத்தரவு கேட்கிறான். தாவீது சொன்னதன் சாரம் இது: கர்த்தர் அவனை அடிக்கலாம், அவனுக்குக் காலம் வந்து சாகலாம், யுத்தத்தில் மடியலாம்; என் கை அவன்மேல் படாது. எப்படி, எப்போது என்பதைக் கர்த்தரிடமே விட்டுவிட்டு, ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினான். காத்திருத்தலைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் காத்திருக்கிறவர்களுக்குக் கழுகின் செட்டைகள் என்ற வாக்குத்தத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஈட்டியின் பக்கத்தில் நிற்கும் நேரத்தைப் பற்றியும் வாலிபர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தாவீது சோர்ந்துபோகாத வீரன் என்று நினைத்துவிடாதே. 27ஆம் அதிகாரத்தில், ஒரு நாள் சவுலின் கையில் மடிந்தேவிடுவேன் என்று மனம் தளர்ந்து பெலிஸ்தர் நாட்டுக்கே ஓடுகிறான். ஒரு வருஷமும் நாலு மாதமும் அங்கே கழிகிறது. 13ஆம் சங்கீதத்தில் எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறான். நீயும் கேள். அழுதுகொண்டே கேள். அதனால் உன் விசுவாசம் குறைந்துவிடாது.

அவன் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. பெத்லகேமில் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்ட பிறகும் அப்பாவின் ஆடுகளை மேய்க்கத் திரும்பிப் போனான். பின்னாளில், கடன்பட்டவர்களும் ஒடுக்கப்பட்டவர்களுமாக 400 பேர் அதுல்லாம் குகைக்கு வந்தபோது அவர்களுக்குத் தலைவனாக நின்றான். நம் நாட்டிலேயே மிஷனரி வில்லியம் கேரியைப் பார். 1793இல் வங்காளத்துக்கு வந்தவர். அவர் ஊழியத்தின் முதல் கனியாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடைப்பட்ட ஏழு வருஷத்தில் கேரி ஒரு மகனை அடக்கம் செய்தார். மனைவி மனநோயில் விழுந்தார். அந்த வருஷங்களில் உட்கார்ந்து மொழிபெயர்த்த வங்காளப் புதிய ஏற்பாடுதான் 1801இல் அச்சாகி வந்தது.

அவசரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் யோசி. ஆபிரகாம் 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டார். 100 வயதில் ஈசாக்கு பிறந்தான். நடுவில், 86 வயதில், மனைவி சாராள் சொன்ன வழியில் அவளுடைய அடிமைப்பெண் ஆகாரிடம் இஸ்மவேல் பிறந்தான். அது அந்தக் காலத்து வழக்கம்தான், ஊரில் யாரும் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் கடைசியில் தண்ணீர்த் துருத்தியோடு பெயெர்செபா வனாந்தரத்தில் அலைந்தவர்கள் ஆகாரும் அவள் பிள்ளையும்தான். உன் விஷயத்தில் அடகுக்குப் போவது அம்மாவின் நகை. பணமில்லாத காரணத்தால் அந்த இடத்தை இழக்கப்போகிற, நம்மைப் போலவே ஜெபிக்கிற இன்னொரு பிள்ளையும் எங்கோ இருக்கிறது.

வாசல் கர்த்தருடையதுதானா என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். கில்போவாவில் சவுல் செத்துப்போனான், சிங்காசனம் காலி. அப்போதும் தாவீது, யூதாவின் பட்டணங்களுக்குப் போகலாமா, எந்த ஊருக்குப் போகட்டும் என்று கர்த்தரைக் கேட்டுவிட்டுத்தான் எப்ரோனுக்குப் போனான். உன் வாசலோ கேட்கவே இடம் தரவில்லை. லஞ்சம் வேண்டாம் என்று வேதம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதற்குமேல் உபவாச ஜெபம் எதற்கு?

இத்தனை மாதத்தில் வேலை கிடைக்கும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். தாவீதுக்குச் சொன்ன சிங்காசனம் தாவீதுக்குச் சொன்னது. வாக்குத்தத்த அட்டையை நியமன உத்தரவாக எண்ணிவிடாதே. கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார் என்பதை மட்டும் முழு நிச்சயத்தோடு சொல்லுவேன்.

அந்த மனிதரிடம் முடியாது என்று இந்த வாரமே சொல்லிவிடு. நகை வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த தேர்வுக்குப் படி. இப்போது உன் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பாடம் நடத்து. 1 சாமுவேல் 16இலிருந்து 2 சாமுவேல் 5 வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா