காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டி

2014ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரின் டீசல் வண்டியில்தான் நம்மில் சிலர் இன்னும் மயிலாப்பூர், அடையாறு கடைகளுக்குக் கீரை கொண்டு போகிறோம். ராத்திரி நிறுத்தினால் காலையில் அடம்பிடிக்கும். கைப்பம்பை அடித்து ஏர் எடுப்பதற்குள் கீரை வாடிப்போகும்.

கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சுகுழாயில் ஊசித்துளை இருந்தாலும் காற்று இழுக்கும், தண்ணீர் ஏறாது. இங்கேயும் அதே கதைதான்: டேங்க் பின்னால், உறிஞ்சும் பம்பு முன்னால் எஞ்சினில். டேங்க் பக்கத்தில் 12 வோல்ட் மின்பம்பு வைத்தால், அது நீர்மூழ்கி மோட்டார் மாதிரி தள்ளும். அப்போ ஓட்டை காற்றை இழுக்காது, டீசலைச் சொட்டும். அதனால் முதலில் பழைய ஹோஸ், கிளிப், வாஷரை மாற்றுங்கள். பல வண்டிக்கு அதுவே போதும், பம்பே வேண்டாம்.

மாட்டத்தான் வேண்டுமென்றால், புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெட்ரோல் இஞ்செக்‌ஷன் கார் பம்பை வாங்கிவிடாதீர்கள். அது 3 பார் அளவுக்கு அழுத்தும், சீல் தாங்காது. குறைந்த அழுத்த டீசல் பம்பு என்று கேட்டு வாங்குங்கள். ஃபியூஸ், ரிலே வைத்து, சாவியை அணைத்தால் நிற்கும்படி வயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால், புதுப் பம்பு தள்ளும் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். முதல் வாரம் தினமும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறினால் வண்டியை எடுக்காதீர்கள்.