தும்மலுக்கு எந்தக் குளிசை?

சூடடிப்புக் காலம் வந்தால் சிலருக்குத் தும்மலும் மூக்கோட்டமும் கண்கடியும் கூடவே வந்துவிடும். நெல்லுத் தூசி பட்டதும் அவர்களது உடலிலுள்ள சில கலங்கள் ஹிஸ்டமின் எனும் பொருளை வெளிவிடுகின்றன. அது உரிய இடத்தில் போய் ஒட்டினால்தான் கடியும் தடிப்பும் உண்டாகும். நாம் விழுங்கும் குளிசை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கதிரையில் ஒருவர் இருந்துவிட்டால் மற்றவருக்கு இடமில்லைத்தானே!

பிரிட்டோன் என்று நாம் கேட்டு வாங்குவது குளோர்பெனிரமின். 1950 ஆம் ஆண்டளவில் வந்த பழைய மருந்து. விலை குறைவு, கேட்கும் வேலையையும் செய்யும். ஆனால் இது மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அதனாற்றான் நித்திரை தூங்குகிறது. "நித்திரை வந்தால்தான் மருந்து பிடிக்கிறது" என்று சொல்வோர் நம்மிடையே பலர். அது தவறு. நித்திரைக்கும் தும்மல் நிற்பதற்கும் சம்பந்தமில்லை. இரவிற் போட்ட குளிசையின் மந்தம் மறுநாட் காலையிலும் இருக்கக்கூடும். அது நமக்கே தெரியாமலும் இருக்கலாம். அந்த நிலையில் உழவு இயந்திரம் ஓட்டுவதும், கிணற்றுக்குள் இறங்குவதும், பனையில் ஏறுவதும் ஆபத்து. சாராயமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வாய் உலரும், சலம் போகக் கஷ்டப்படும் வயோதிபருக்கு அது முற்றாக அடைபடவுங்கூடும்.

1980களில் வரத்தொடங்கிய செற்றிரிசின், லோராற்றடின் ஆகியவை மூளைக்குள் மிகக் குறைவாகவே புகுகின்றன. பழையதை நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கொரு தடவை எடுக்கவேண்டும். இவற்றில் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் குளிசை ஒன்று போதும். தும்மலை அடக்குவதில் இவை பழையவற்றுக்குக் குறைந்தவையல்ல. பகலில் வயல்வேலை செய்பவருக்கு இவையே ஏற்றவை என்பது என் எண்ணம். ஆயினும் செற்றிரிசின் சிலருக்குச் சற்று நித்திரையைத் தரும். முதற் குளிசையை இரவில் எடுத்துப் பார்ப்பது நல்லது. சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரிடம் சொல்லி அளவைக் குறைக்கவேண்டும்.

புதியதெல்லாம் நல்லதென்றும் எண்ணிவிடக்கூடாது. டெர்பெனடின் எனும் புதுவகை மருந்து, வேறு சில மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பைக் குழப்பியதால் 1990களின் இறுதியில் அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

தடிமனுக்கென்று கைக்குழந்தைகளுக்குப் பிரிட்டோன் பாணி பருக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வைத்தியர் சொன்னாலன்றி இவை எவையும் வேண்டாம். இழுப்பை இக் குளிசைகள் மாற்றமாட்டா. குளவி கொட்டி முகம் வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால், குளிசை விழுங்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிராதீர்கள். அவருக்கு வேண்டியது அட்ரினலின் ஊசி. கிடைத்த வாகனத்தில் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.