வேலையைக் கேட்கிற வக்கீல்

சைதாப்பேட்டை

அன்புள்ள மருமகனுக்கு,

லாரி விபத்தில் அடிபட்ட உன் அப்பாவின் வலது காலுக்கு மெடிக்கல் போர்டு 48 சதவீதம் ஊனம் என்று போட்டிருப்பதாகவும், கோர்ட் வாசலில் ஒருவர் வந்து, "ஃபீஸே வேணாம், வர்றதுல மூணுல ஒரு பங்கு குடுத்தா போதும்" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவர் நீட்டுகிற எதிலும் கையெழுத்துப் போட விடாதே. வெற்றுத்தாள் என்றால் தொடவே வேண்டாம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், வருகிற பணத்தில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கின்றன. எத்தனை பேர் அதை மதிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதே. குமாஸ்தாவாக இருந்தே தலை நரைத்தவன் நான்.

சைதாப்பேட்டையிலேயே கோர்ட் இருக்கும்போது பாரிமுனை வரைக்கும் ஏன் போக வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். இங்கே நடப்பது லாரி டிரைவர் மேல் போலீஸ் போட்ட கிரிமினல் கேஸ். அதில் அவருக்கு அபராதமோ தண்டனையோ கிடைக்கலாம், ஆனால் அப்பா இழந்த வருமானத்தை அதில் கணக்குப் போட மாட்டார்கள். அதற்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தனியாக இருக்கிறது. சென்னைக்கு அது ஹைகோர்ட் வளாகத்துச் சிறுவழக்கு நீதிமன்றத்தில். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகளும் உண்டு. நீ அதையெல்லாம் நம்பி உட்கார்ந்திருக்காதே.

இனி வக்கீல். நல்ல வக்கீல் யார் என்பது அவர் கேட்கிற முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். "எத்தனை பர்சென்ட்?" என்று ஆரம்பிப்பவரைவிட, "அப்பா என்ன வேலை செய்தார்?" என்று ஆரம்பிப்பவரிடம் போ. அடையாள அட்டைக்கும் சலுகைகளுக்கும் சதவீதம்தான் வாசற்படி. பெரும்பாலும் 40 தாண்டினால் உள்ளே போகலாம். அந்த அட்டைக்கு வக்கீலே தேவையில்லை, நீயே விண்ணப்பிக்கலாம். இழப்பீட்டில் கதை வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கின் தீர்ப்பை 2011இல் வெளியான தொகுப்பில் புரட்டினால், சுப்ரீம் கோர்ட் இதை விரித்துச் சொல்லியிருப்பதைப் பார்க்கலாம். இடது கை போனால் ஊனம் 60 சதவீதம் அளவில் இருக்கலாம். ஆனால் போனது தச்சரின் கை என்றால் பிழைப்பே ஏறக்குறைய முழுதாகப் போய்விடும், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை நிலைத்திருக்கலாம் என்கிறது அது.

அப்பா பெயிண்டர். சாரத்தில் ஏறி நிற்க முடியாத பெயிண்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அவருக்கு வயது 44. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி வருஷ வருமானத்தைப் பெருக்கும் எண் 14. மாதம் 18,000 என்று வைத்தால், மற்ற கூட்டல்களை விட்டாலும், முழு வருமான இழப்பு 30,24,000 ரூபாய். சான்றிதழில் உள்ள 48ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் அது 14,51,520 ஆகிவிடுகிறது. இன்ஷூரன்ஸ் தரப்பு அதோடும் விடாது. 48 என்பது காலுக்குத்தானே, மொத்த உடம்புக்கு இதில் பாதிகூட வராதே என்று இழுப்பார்கள். அந்த இடத்தில் டாக்டரைச் சாட்சியாக ஏற்றி, "இவர் ஏணி ஏற முடியுமா?" என்று கேட்க வைப்பதுதான் வக்கீலின் வேலை. முழு இழப்பும் கிடைத்துவிடும் என்று உறுதி சொல்பவரையும் நம்பாதே.

சம்பளச் சீட்டு இல்லையே என்று நீ கவலைப்படுவது புரிகிறது. பெயிண்டருக்கு ஏது சம்பளச் சீட்டு? கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மேஸ்திரியின் கூலி நோட்டு, ஜிபேயில் வந்த பணத்தின் பேங்க் ஸ்டேட்மெண்ட் இவற்றையெல்லாம் எடுத்து வை. மேஸ்திரியே வந்து சாட்சி சொன்னால் இன்னும் பலம்.

ஃபீஸ் கட்ட வழியில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத் தர வேண்டும். 15100க்குப் போன் பண்ணிக் கேள். இலவசம் என்றால் மட்டம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. காசு வாங்கிக்கொண்டு கேஸ் கட்டைப் பிரிக்காமலே வாய்தா வாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வக்காலத்துப் போட்டதும் எம்.சி.ஓ.பி. என்கிற வழக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொள். வாய்தா தேதியை நீயே ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் பார்க்கலாம். அதற்காக வக்கீலுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் அடிக்காதே. ஒரிஜினல் கொடுக்கும் முன் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடு, என்னென்ன கொடுத்தாய் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கு. ஒத்துவரவில்லை என்றால் வக்கீலை மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அதை அவர் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்பாவுக்குப் பழைய மூட்டுவலி இருந்ததை வக்கீலிடம் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டில் அது இருக்கும், எதிர்த்தரப்பு எடுத்துக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. தேதிவாரியாக அடுக்கிக் கட்டுகிற வேலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உன் மாமா