லாரி விபத்து: பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி?

"பின்னால போய் இடிச்சவன் மேலதான் தப்பு" என்பார் ஒருவர். "பெரிய வண்டிக்காரன் மேலதான் கேஸ்" என்பார் இன்னொருவர். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இரண்டுமே செல்லாது. யாருடைய கவனக்குறைவு, எந்த அளவுக்கு, அதற்கு என்ன ஆதாரம் என்றுதான் அங்கே பார்ப்பார்கள். லாரி சம்பந்தப்பட்ட வழக்கு ஓட்டுநரோடு நிற்பதில்லை என்பதால், ஆதாரத்தைத் தேட வேண்டிய இடங்களும் அதிகம்.

ஆஸ்பத்திரியிலிருந்தே தொடங்குங்கள். அடிபட்டவரைச் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) இரண்டு வரி எழுதுவார்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எது மோதியது. கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலேர்ந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால் அதுதான் பதிவாகும். பிறகு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். லாரி நம்பர் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், லாரி மோதியது, நம்பர் தெரியவில்லை என்றாவது எழுதச் சொல்லுங்கள்.

அதே நேரத்தில் இன்னொருவர் விபத்து நடந்த இடத்தில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் இரவில் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக் மோதும் வழக்குகளில் இது மிக முக்கியம். இவற்றில் பல நேரம் பைக் ஓட்டியவர் மீதே எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிடும், இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. லாரியின் பின்பக்கத்தைக் கிட்டத்தில் போய்ப் படமெடுங்கள். பார்க்கிங் லைட் எரிந்ததா, சிவப்பு ஒளிர்பட்டை இருந்ததா, சேறு படிந்து மறைந்திருந்ததா, எச்சரிக்கை முக்கோணம் வைத்திருந்தார்களா அல்லது நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் மட்டும்தானா? சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே எவ்வளவு தூரம் இருந்தது என்பதும் படத்தில் தெரியட்டும். விளக்கில்லாமல் நடுச்சாலையில் நின்ற டேங்கர் மீது கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவர் மீதும் பாதிப் பழி போட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2018-இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆனால் விளக்கு எரியவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும். கிரேன் வந்து வண்டியை இழுத்துப் போய்விட்டால் அதற்கு வழியில்லை.

அடுத்து போலீஸ் ஆவணங்கள். எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் (ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர்) அறிக்கை ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வரைபடத்தில் லாரி இடது ஓரத்தில் நிற்க, ஆய்வாளர் அறிக்கையில் சேதம் வலது மூலையில் இருந்தால், எங்கோ இடிக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அதோடு போய்விடாது. சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும்.

லாரிக்கு மட்டுமே உரிய தடயங்களும் உண்டு. ஈ-வே பில்லில் சரக்கை அனுப்பியவர், போய்ச் சேர வேண்டிய இடம், வண்டி எண் எல்லாம் இருக்கும். எடைமேடைச் சீட்டு பாரத்தைச் சொல்லும். எந்தெந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்ற ஃபாஸ்டேக் பதிவை வைத்து, ஓட்டுநர் தூங்காமல் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று கணக்குப் போட்டுவிடலாம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றது. சரக்கு லாரியில் அதைப் பின்பற்றுகிற முதலாளியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதிக பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி ரூ.20,000 அபராதமும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் உண்டு. ஓட்டியவரோடு ஏற்ற வைத்தவரும் அதில் மாட்டுவார். சுங்கச்சாவடி கேமராப் பதிவு சீக்கிரம் அழிந்துவிடும். அதை எடுத்து வைக்கும்படி விசாரணை அதிகாரிக்கு உடனே எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

இனி, யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது? ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி. "வண்டியை வித்துட்டேன், பேர் மட்டும் மாத்தல" என்பது உரிமையாளர் வழக்கமாகச் சொல்லும் பதில். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பஸ்ஸும் லாரியும் மோதி, தப்பு இருவர் மேலும் இருந்தால், பஸ்ஸில் இருந்த பயணி முழுத் தொகையையும் இரண்டில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம். பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

இன்சூரன்ஸ் கம்பெனி தேடுவது பாலிசி நிபந்தனை மீறலை. கனரக லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை, கிளீனர் ஓட்டினார் என்று ஏதாவது சொல்லும். சாலையில் போன மூன்றாம் நபருக்கு இதனால் பெரும்பாலும் நஷ்டமில்லை. கம்பெனி முதலில் பணத்தைக் கட்டி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். லோடு மேல் ஓசியில் ஏறி வந்தவர் நிலைமைதான் மோசம். சரக்கு வண்டியில் இலவசமாக வந்தவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்பது 2003-லேயே முடிவான விஷயம்.

மனு போடும் முன் ஓர் எச்சரிக்கை. யார் தப்பு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சமும் பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சமும் கிடைக்கும். அதை ஏற்றுக்கொண்டால், தப்பை நிரூபித்து இழப்பீடு கேட்கும் 166-ஆம் பிரிவு மனு காலாவதியாகும். சம்பாதித்துக்கொண்டிருந்த இளம் வயதுக்காரர் இறந்திருந்தால் 166-இல் இதைப் போலப் பல மடங்கு வர வாய்ப்புண்டு, வக்கீலிடம் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். லாரி எது என்றே தெரியாமல் போனால் அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000.

166-ஆம் பிரிவு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். நாமக்கல் லாரி ஓங்கோல் பக்கம் மோதியிருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.