கெண்டைக்கால் பிடிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முதுமையில் வரும் தசைப்பிடிப்பு பெரும்பாலும் இரவில், கெண்டைக்காலில்தான் வரும். ஆடுசதை கல்லாக இறுகும்; பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும். சில விநாடிகளிலோ சில நிமிடங்களிலோ விட்டுவிடும், ஆனால் சதைவலி மறுநாள் வரை தங்கும். 60 வயதைக் கடந்தவர்களில் மூவரில் ஒருவருக்கேனும் இந்தத் தொல்லை உண்டு. போடி மேற்கு மலையடிவாரத்துப் பொட்டிப்புரம், தேவாரம் பக்கத்து ஊர்களில் மானாவாரிக் காட்டில் உழைத்து மூத்தவர்களுக்கும், ஜீப்பில் நெருக்கியடித்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் நாளெல்லாம் சரிவில் நின்றவர்களுக்கும் இது புதிதல்ல. இதற்குக் காரணமும் கைமருந்தும் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உண்டு. சொல்வது எல்லாம் சரியாக இருப்பதில்லை.

முதலில் பழி விழுவது வாய்வின்மேல். உருளைக்கிழங்கு, வாழைக்காய், கொண்டைக்கடலை சாப்பிட்டால் வாய்வு காலில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். குடலில் உண்டாகும் காற்று சதைக்குள் போக வழியே இல்லை. சதையை இயக்கும் நரம்பு தேவையின்றி அடுத்தடுத்துக் கட்டளை அனுப்புவதால்தான் சதை சுருங்கி, தளராமல் நின்றுவிடுகிறது. வயது ஏற ஏற இயக்க நரம்பணுக்கள் குறைகின்றன, சதையும் தசைநாணும் குறுகி விறைக்கின்றன. தூங்கும்போது பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாய்வதால் கெண்டைச்சதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் கிடக்கும். இன்னும் கொஞ்சம் சுருங்கினாலே பிடித்துக்கொள்ளும். வாய்வுக்குப் பயந்து பருப்பையும் கடலையையும் ஒதுக்கும் முதியவர்களுக்கு நட்டம் வேறு வகையில் வருகிறது. புரதம் குறைந்து, கரையும் சதை இன்னும் கரைகிறது.

அடுத்தது வாழைப்பழம். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த யோசனை செலவில்லாமல் கிடைக்கிறது. ஒரு நடுத்தரப் பழத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம். இரவுப் பிடிப்பு வரும் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் சரியாகவே இருப்பதால், படுக்கும் முன் தின்னும் பழம் அதைத் தடுப்பதில்லை. பழம் நல்லதுதான், பிடிப்புக்கு மருந்து இல்லை, அவ்வளவே. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் அளவு பார்க்க வேண்டும். டெல்மிசார்ட்டான், எனலாபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. சிறுநீரகமும் பழுதாகி, இந்த மாத்திரையும் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வெயிலில் வேலை செய்து வேர்த்துக் கொட்டியபின் வரும் பிடிப்பு வேறு வகை. அதற்கு உப்பு இழப்பு ஒரு காரணம். 1920களிலேயே இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில், வெறும் தண்ணீரை நிறையக் குடித்த தொழிலாளர்களுக்குப் பிடிப்பு வந்ததும், உப்புச் சேர்த்த நீர் குடித்தபோது குறைந்ததும் பதிவாயின. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். எனவே இந்த வேலைக்கு உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ இளநீரைவிடப் பொருத்தம். இதயம் பலவீனமானவர்களும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இதையே சாக்காக வைத்து உப்பைக் கூட்டக் கூடாது.

மாத்திரைப் பக்கம் வந்தால், அதிகம் விற்பது மெக்னீசியம். முதியவர்களின் பிடிப்பை அது குறிப்பிடத்தக்க அளவு தடுப்பதாகத் தெரியவில்லை என்பது 2020இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. மலேரியா மருந்தான குயினைன் பிடிப்பை ஓரளவு குறைக்கும்; ஆனால் இரத்தத் தட்டணுக்களைச் சரித்து, இதயத் துடிப்பைக் குலைக்கவும் கூடும் என்பதால் அமெரிக்காவில் 1990களிலேயே இதற்காகக் கடையில் தானே வாங்கும் வழி அடைக்கப்பட்டது. உடம்பு அசதியாக இருக்கிறது, கால் இழுக்கிறது என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. 5 சதவீதக் கரைசலின் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது தண்ணீரும் 25 கிராம் சர்க்கரையும். அதைக் கையில் ஊசி குத்தி வாங்க வேண்டியதில்லை.

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் படுக்கும் முன் கெண்டைச்சதையையும் தொடையின் பின்சதையையும் இழுத்து நீட்டியவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் கெடுதல் இல்லை. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய வேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரிந்ததும் பத்து எண்ணும்வரை நின்று தளர்த்தி, மூன்று முறை செய்தால் போதும். தள்ளாட்டம் உள்ளவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, துண்டைப் பாதத்தில் மாட்டித் தம் பக்கம் இழுக்கலாம். பிடித்த நேரத்திலும் இதுவே வைத்தியம்: கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுப்பது.

பிடிப்பைத் தடுக்க மாத்திரை தேடுபவர்கள், அதைத் தூண்டும் மாத்திரை ஏற்கெனவே கையில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், சில வகை ஆஸ்துமா இன்ஹேலர்கள் ஆகியவற்றுக்கும் பிடிப்புக்கும் தொடர்பு உண்டு. தாமாக நிறுத்தக் கூடாது; அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டிலேயே பெறுபவர்கள், கொண்டு வருபவரிடமே இதைச் சொல்லலாம். இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு.

“வயசானா அப்படித்தான்” என்று விடுவதும் எல்லா நேரமும் சரியல்ல. சர்க்கரை நோய், சிறுநீரக நோய், தைராய்டு குறைவு ஆகியவை பிடிப்பைக் கூட்டும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுவது பிடிப்பு ஆகாது. நெடுநாள் பீடி குடித்தவர்களுக்குக் கால் இரத்தக்குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவக் கூடாது; சுளுக்கு வழிக்கிறவரிடமும் காட்டக் கூடாது. அன்றைக்கே உத்தமபாளையம், போடி அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும்.