மலைச்சாலையில் இறங்குமுன்



மலையில் வாழும் நமக்குச் சாலை என்பது வெறும் வழி அன்று. அரிசி மேலே வருவதும் தேயிலை கீழே போவதும் அதன் வழியேதான். கடுமையான நோயுற்றோரை ஈப்போவுக்குக் கொண்டு செல்வதும் அதன் வழியேதான். எனினும் அச்சாலையை நாம் ஒரு பாடமாக எண்ணிப் படித்ததில்லை. கடந்த பள்ளி விடுமுறையில் அத்தகைய பாடம் ஒன்று எம் பள்ளித் திடலுக்கே வந்து நின்றது. அதனை இம்மலரில் எழுதி வைக்க விரும்புகிறோம்.

எம் பள்ளியில் பயின்று, இன்று சிலாங்கூரில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் தம் மனைவி மக்களுடன் ஒரு கேம்பர்வேனில் வந்திறங்கினார். கேம்பர்வேன் என்பது உள்ளேயே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்த உயரமான வேன். அவர் அதை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுத்திருந்தார். தாப்பா வழியாக ஏறிப் பிறந்த தோட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி, பினாங்கு வரை செல்வது அவருடைய திட்டம். சக்கரத்தின் மேல் ஒரு வீடு நிற்கக் கண்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பின் ஒருவராக ஏறி, படுக்கையில் அமர்ந்து, குழாயைத் திறந்து பார்த்து, இறங்க மனமின்றி இறங்கினர். ஆசிரியர்களாகிய நாங்களும் ஏறிப் பார்த்தோம் என்பதை மறைக்கவில்லை.

அவர் ஏறி வந்த தாப்பா சாலையைப் பற்றி இங்குச் சிறிது கூற வேண்டும். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் குறித்து எழுதிவைத்தார். எனினும் வண்டி செல்லும் சாலை உருவாக மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1920களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி 1931ஆம் ஆண்டு வாக்கில் முடிவுற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதே காலத்தில், 1929இல், ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான சரிவுகளில் காடழித்துத் தேயிலை நட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். இன்று நாம் உறங்கிக்கொண்டே கடக்கும் வளைவுகளை அவர்கள் உறங்கிக்கொண்டு கடந்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகலுணவு முடிந்ததும் புறப்படுவதாக அம்முன்னாள் மாணவர் கூறினார். அப்பொழுது திடலின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் மெல்ல முன் வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குத் தாத்தா. வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்; குனிந்து டயர்களைப் பார்த்தார்; பிறகு கேட்டார்:

“தம்பி, ஏறி வரும்போது வண்டி எப்படி இருந்தது?”

“நன்றாக ஏறியது, மாமா. எந்தத் தொல்லையும் இல்லை.”

“ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவது உங்கள் வேலை. எந்தக் கியரில் இறங்குவீர்கள்?”

நம் முன்னாள் மாணவர் விழித்தார். அது தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி; ஆகவே அதைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்து, கியர்த் தண்டை ஒதுக்கித் தாழ்ந்த கியரிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் முறையைக் காட்டினார். சரிவு தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும் என்றும், வேகம் கூடிய பின் கியரைத் தேடுவது காலங்கடந்த செயல் என்றும் விளக்கினார். “பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையில் அது உங்களைக் கைவிடும்” என்றார்.

பிரேக் ஏன் கைவிடுகிறது? மறுநாள் இதனைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். வேனின் எடை மூன்று டன், அதாவது 3,000 கிலோகிராம் எனக் கொள்வோம். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பின் அளவான 9.8ஐயும் பெருக்கினால் 4 கோடியே 11 இலட்சம் ஜூல் ஆற்றல் வருகிறது. ஏறும்போது எரிபொருளை எரித்துச் சேர்த்த ஆற்றல் இது. இறங்கும்போது இது எங்கேனும் வெளியேறியே தீர வேண்டும். ஒரு பகுதி காற்றின் தடையாலும் டயர்களின் உராய்வாலும் கழியும். மீதியைப் பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டும். இவ்வளவு ஆற்றலும் வெப்பமானால் எவ்வளவு இருக்கும் தெரியுமா? 25 பாகை வெப்பமுள்ள 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் இத்தனை வெப்பத்தை எப்படித் தாங்கும்?

தாங்காதபோது இரண்டு கேடுகள் நேரும். முதலாவது, அளவு மீறிச் சூடேறிய பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் குறையாது. இரண்டாவது, குழாயினுள் இருக்கும் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழியாகும். எண்ணெய் அழுத்தத்தைக் கடத்தும். குமிழியோ அமுங்கிப் போகும். ஆகவே மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். இவ்வெண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அது விரைவில் கொதிக்கும். ஆதலால்தான் பழைய எண்ணெயைக் காலந்தோறும் மாற்றச் சொல்கிறார்கள். தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் ஆற்றலின் பெரும்பகுதி எஞ்சினிலேயே கழிகிறது. பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை விடுவித்து வண்டியை உருளவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது மிகத் தீயது.

சிம்பாங் பூலாய்ச் சாலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. தாப்பா சாலையைவிட அகலமானது, வளைவுகளும் குறைவு. ஆகவே எளியது என்று தோன்றும். ஆனால் சரிவு நீண்டது. அகலமான சாலை வேகத்தை அழைக்கும். 2010ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு இச்சாலையில் இறங்கிய பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் வீழ்ந்ததில் 37 உயிர்கள் போயின. இரண்டும் இறக்கத்தில் நேர்ந்தவை. அந்த 2010ஆம் ஆண்டு நாளைப் பற்றி நம் தோட்டத்தில் இன்றும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள்.

பெரியவரின் ஆய்வு கியரோடு முடியவில்லை. வேனின் மேலடுக்கில் அரிசி மூட்டையும், தண்ணீர்ப் புட்டிகளும், தோட்டத்து உறவினர் அன்போடு கொடுத்த முட்டைக்கோசுகளும் ஏற்றப்பட்டிருந்தன. அத்தனையும் கீழே இறக்கிவைக்கச் சொன்னார். உயரமான வண்டியில் எடையும் உயரத்தில் இருந்தால் வளைவில் அது வெளிப்பக்கம் சாயும். மலைமுகட்டில் பக்கவாட்டுக் காற்று வீசினால் மேலும் சாயும். தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்திருந்தது. பாதித் தொட்டியில் நீர் இருபுறமும் அலைமோதும் என்று கூறி, வேண்டிய அளவைக் குடங்களில் பிடித்து மூடிவிட்டு மீதியைக் காய்கறிப் பாத்திக்குத் திருப்பினார். முட்டைக்கோசுகளில் பாதி எம் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை.

அடுத்து அடுப்பு. எரிவாயு உருளையின் வால்வைப் புறப்படுமுன் மூடச் செய்தார். இவ்வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். பெற்றோர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நம் மலையின் இரவுக் குளிர் சமவெளியிலிருந்து வருவோருக்குக் கடுமையாக இருக்கும். குளிர் தாங்காமல் வண்டியின் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளே கரியடுப்பு வைப்பது கொலைக்கு ஒப்பானது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் அறியாமலே உயிர் போகும். கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துச் செல்வதே வழி.

இதற்குள் மணி இரண்டாகிவிட்டது. பிரிஞ்சாங் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. பெரியவர் வானத்தைக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. மலையில் பிற்பகல் மழை வழக்கமானது. மழையோடு மூடுபனியும், சில வேளை மண்சரிவும் வரும். வேனின் வாடகை நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் இரவு தங்குவதற்குப் பினாங்கில் முன்பணமும் கட்டியிருந்தார். நம் முன்னாள் மாணவர் சற்று நேரம் தயங்கினார். அவருடைய துணைவியார்தாம், “நாளைக் காலையில் போகலாம்” என்று முடிவு சொன்னார். அன்றிரவு வேன் எம் திடலிலேயே நின்றது.

காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றினார்கள். கடைக்குட்டிக்கு வளைவுகளில் வாந்தி வருமாம். அதற்கும் காரணம் உண்டு. நம் உட்செவியில் உள்ள ஓர் உறுப்பு உடலின் அசைவை மூளைக்குச் சொல்கிறது. பிள்ளை குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், கண் “அசைவில்லை” என்று சொல்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படும்போது குமட்டல் உண்டாகிறது. தொலைவில் தெரியும் சாலையைப் பார்த்திருந்தால் இம்முரண்பாடு குறையும். இறங்கும்போது காது அடைப்பது காற்றழுத்தம் கூடுவதால். உமிழ்நீரை விழுங்கினால் திறந்துகொள்ளும். மாணவர்கள் வழியனுப்பும்போது இவ்விரண்டையும் கூவிச் சொல்லி அனுப்பினர்.

வேன் வாயிலைக் கடந்து முதல் இறக்கத்தில் திரும்பியது. எஞ்சின் உரக்க முனகும் ஒலி தேயிலைச் சரிவுகளுக்கிடையே நெடுநேரம் கேட்டது. “தாழ்ந்த கியரில்தான் போகிறான்” என்றார் பெரியவர்.

முற்பகலில் தொலைபேசி மணி அடித்தது. சிம்பாங் பூலாய் வந்துவிட்டதாம். வழியில் இருமுறை நிறுத்தி இளைப்பாறினார்களாம். பெரியவர் கேட்டது ஒன்றே: “சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன், மாமா. இளஞ்சூடுதான்.”