வண்டி சூடாகிறதா? மெக்கானிக்கிடம் போகும் முன் நாம் பார்க்க வேண்டியவை



மசாலா, ஊறுகாய், காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போக, சங்கக் கடனில் பழைய வண்டி வாங்கிய குழுக்கள் நம் கூட்டமைப்பில் உண்டு. அம்பாசிடர் உற்பத்தி 2014-லும், மாருதி ஆம்னி 2019-லும் நின்றுவிட்டன. ஆகவே நம் கைக்கு வருவது எல்லாம் வயதான வண்டிதான். அதில் அடிக்கடி கேட்கும் புகார், "இன்ஜின் ஹீட் ஆகுது". உடனே ஒருவர், "ஹெட்டை இறக்கணும்" என்பார். பெரிய செலவு! தவணை தள்ளிப்போகும், குழுவுக்குள் பேச்சு வரும். ஹெட்டை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடி, சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றுப்பட்டு ஆறி, வாட்டர் பம்ப் தள்ள மறுபடியும் உள்ளே போகிறது. ரேடியேட்டர் மூடி நம் குக்கர் வெயிட் மாதிரி. அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால் 100 டிகிரியிலும் தண்ணீர் கொதிக்காது. அதன் ரப்பர் நைந்து போனால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே வந்துவிடும். மூடியை மாற்றுவது சின்னச் செலவு. ஆனால் அதை யாரும் முதலில் பார்ப்பதில்லை!

முள் சிவப்புக்குப் போனால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரை விசிலோடு திறந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்தானே? முழுதாக ஆறும் வரை, ஒரு மணி நேரமானாலும், காத்திருங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

இனி கவனிக்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பதுதான். ஒரு குழுவின் வண்டி கடைத்தெரு நெரிசலில் மட்டும் சூடாகும், மெயின் ரோட்டில் ஓடினால் முள் இறங்கிவிடும். ஒரு பட்டறையில் ஹெட் வேலை என்றார்கள். அக்காமார்கள் அவசரப்படாமல் இன்னொருவரிடம் காட்டினார்கள். ரேடியேட்டர் ஃபேனின் ஃப்யூஸ் போயிருந்தது, அவ்வளவுதான்! வண்டி வேகமாக ஓடினால் காற்று தானாக வரும். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் ஃபேன்தான் காற்று தர வேண்டும். அதனால் நெரிசலில் மட்டும் சூடு என்றால் முதலில் ஃபேன், அதன் சுவிட்ச், ஒயர் பாருங்கள். அம்பாசிடர் போல பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் பெல்ட் தளர்வா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேகத்திலும் மேட்டிலும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவது நல்லது. வெறும் போர் தண்ணீர் வேண்டாம்.

தண்ணீர் சரியாக இருக்கிறது, இன்ஜின் கொதிக்கிறது, ஆனால் ரேடியேட்டருக்கு வரும் மேல் ஹோஸ் மட்டும் குளிர்ச்சி என்றால் தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம். பல வண்டிகளில் அது 82 டிகிரி வாக்கில் திறக்க வேண்டும். கழற்றியதை ஒரு பழைய பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். திறக்கவில்லை என்றால் கெட்டுவிட்டது. (சமைக்கும் பாத்திரம் வேண்டாம்!) சிலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு "இனி பிரச்னை இல்லம்மா" என்பார்கள். அப்படி ஓட்டினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். புதிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே சொட்டே இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதா? ஆயில் கம்பியில் பால் காபி நிறம் தெரிகிறதா? சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? அப்போது ஹெட் கேஸ்கட் சந்தேகம் நியாயமானது, அந்த வேலையைத் தள்ளிப் போடக்கூடாது. முள் திடீரென்று கீழே விழுந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் போனாலும் முள் அப்படி விழும்.

எந்த வேலை செய்தாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தண்ணீர் எந்தத் தேதியில் எவ்வளவு ஊற்றினோம் என்று வண்டி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு வாரம் அளவு கூடினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது.

இன்னொன்று. கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். மீதியைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள், ஆடு, நாய்க்கு எட்டாமல் வையுங்கள், கீழே சிந்தியதை உடனே கழுவி விடுங்கள்.